செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணி

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து இருபதுக்குச் சமையலறை ஜன்னலை மூடினேன். ஐந்தரைக்கு இரண்டு விசில் கேட்டது. என் பங்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடிக் காலி மனைக்குப் போனேன். ஒரு வாரச் செய்தித்தாள், பால் உறை ஆறு, மாத்திரை அட்டை இரண்டு, வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. தனி ஆளுக்கு இவ்வளவுதான் சேரும். குப்பையிலும் நான் சிறுபான்மை.

விசில் ஊதுபவர் எதிர்வீட்டு கண்டக்டர். ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. பேருந்து போய்விட்டது, விசில் மிச்சம். இரண்டு விசில் என்றால் வண்டி கிளம்ப வேண்டும், ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். செவ்வாய்தோறும் குவியலுக்கு முன்னால் நின்று இரண்டு ஊதுவார், "ரைட்" என்பார், தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார். அவர் வைக்காமல் வேறு யாரும் நெருப்பு வைப்பதில்லை. தெருவே அவரைச் சுற்றி நிற்கும்.

அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஒரு சாக்குத் துணிவெட்டுகளைக் கொட்டிவிட்டு, "சார், சாப்பாடு ஆச்சா?" என்றாள். மாலை ஐந்தரைக்கு எந்தச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் என்னிடம் இதைக் கேட்பவள் அவள் ஒருத்திதான். "ஆச்சு" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மகள் பேசினாள். மே மாதம் பள்ளி விடுமுறை. வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததையே அவள் கேள்வியாக எடுத்துக்கொண்டாள்.

"எப்படிப்பா வர்றது? போன வருஷம் மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. வந்த அன்று சாயங்காலமே பேத்திக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். ஆறு வயது. முகமூடி மாதிரி ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

"செவ்வாய் மட்டும்தானேம்மா எரிக்கறாங்க. புதன்கிழமை வந்து திங்கக்கிழமை போயேன்."

"நாங்க வந்தது வியாழக்கிழமைப்பா. அந்தக் குவியல் வெள்ளி வரைக்கும் புகைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். உங்க ஊர்ல வாரத்துக்கு எத்தனை நாள் மூச்சு விடலாம்னு ஒரு அட்டவணை போட்டு அனுப்புங்க."

நக்கல் என்னிடமிருந்து போனது. சொத்து வேறு எதுவும் நான் கொடுக்கவில்லை.

முடிவாகச் சொல்லிவிட்டாள். புகை நின்றால் மே பத்தாம் தேதி வருகிறார்கள், பத்து நாள் இருப்பார்கள். நிற்காவிட்டால் இல்லை. "நீங்க வேணா இங்க வந்துடுங்க." அவள் வீட்டில் எனக்கு ஒரு சோபா உண்டு. பகலில் அது எல்லோருடையது.

மார்ச் 9, ஞாயிறு

சுகாதார ஆய்வாளராக இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவனுக்கு ஒரு பிரச்சினை வந்தால் முதலில் தோன்றுவது படிவம். ஐந்து கேள்விகள் தயாரித்து, வீடு வீடாக இரண்டு நாள் ஏறி இறங்கினேன். தெருவில் நாற்பத்திரண்டு வீடு.

குப்பையை எரித்தால் வரும் புகை உடம்புக்குக் கெடுதி என்று தெரியுமா? நாற்பத்திரண்டு வீட்டிலும் தெரியும். பலர் என்னைவிட நன்றாகவே விளக்கினார்கள். ஒருவர் நுரையீரல் படம் வரைந்து காட்டினார்.

உங்கள் வீட்டில் குப்பை எரிப்பதுண்டா? நாற்பத்திரண்டு வீட்டிலும் இல்லை.

ஆக, செவ்வாய்தோறும் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

தையல்காரம்மாவிடம் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். "நான் போடறது துணிதான் சார். துணி குப்பையா? நல்ல புதுத் துணி. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி." கண்டக்டர் போடுவது காகிதம்தானாம். அவருக்கு அடுத்த வீட்டில் போடுவது குழந்தையின் டயப்பர். "அதை வேற எங்க சார் போடறது?" அவரவர் போடுவது அவரவர் பொருள். மற்றவர்கள் போடுவதுதான் குப்பை.

இன்று கூட்டிப் பார்க்கும்போது கவனித்தேன். நாற்பத்திரண்டாவது படிவம் என்னுடையது. நானே கேட்டு நானே நிரப்பியது. எரிப்பதுண்டா என்பதற்கு நேராக, அழகான கையெழுத்தில், 'இல்லை'.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வெறுங்கையோடு போனேன். கண்டக்டரிடம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"கண்டக்டரே, இதை ஏன் செவ்வாய்க்கிழமை பண்றோம்?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிக் கேளுங்க. செவ்வாய்ங்கறது என்ன? நெருப்புக் கோளு. அன்னிக்குத்தான் நெருப்பு கட்டுக்குள்ள நிக்கும். அப்புறம் பாருங்க, செவ்வாய் சாயங்காலம் காத்து வடக்கால திரும்பும். புகை வீட்டுப்பக்கம் வராது. எல்லாம் கணக்குப் பண்ணித்தான் வச்சிருக்காங்க. முன்னோர்கள் என்ன முட்டாள்களா?"

காற்று அப்போது தெற்கே, எங்கள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் துடைத்தபடியே சொன்னார்.

நான் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 12, புதன்

சொல்லியிருக்க வேண்டும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

அந்த முன்னோர் நான்தான்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் கொசுக்காய்ச்சல். வேலைக்கு வந்த புதிது, வேகம். தெருக்கோடிக் காலி மனையில் ஊரார் எல்லோரும் வாரம் ஒரு நாள் ஒன்றாகக் குப்பையைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை தயாரித்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, கையில் ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் படித்தேன். அப்போது குப்பை என்றால் சருகு, வைக்கோல், காகிதம். பால்கூடப் பாத்திரத்தில் வந்த காலம். காய்ச்சல் நின்றது. மழைக்காலம் முடிந்ததால் நின்றதா, என்னால் நின்றதா என்று யாரும் விசாரிக்கவில்லை. எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். இப்போதும் கூடத்தில் தொங்குகிறது.

செவ்வாய்க்கிழமை ஏன்? மற்ற நாள்களில் அலுவலக ஜீப்பை மேலதிகாரி வீட்டுக்கு எடுத்துக்கொள்வார். எனக்கு ஜீப் கிடைத்தது செவ்வாய்க்கிழமைதான். ஐந்தரை ஏன்? ஓட்டுநர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

கோளும் காற்றும் அப்புறம் வந்து சேர்ந்துகொண்டன.

பெட்டியைக் குடைந்து என் பிரதியைக் கண்டுபிடித்தேன். பதினான்கு விதிகள். பதினான்காவது: 'மறு உத்தரவு வரும்வரை இது தொடர்ந்து கடைப்பிடிக்கப்பட வேண்டும்.'

மறு உத்தரவை எழுத வேண்டியவனும் நான்தான். எழுத மறந்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதப்போவதில்லை. பிடித்தது. விடிந்ததும்தான் நினைவு வந்தது.

செவ்வாய் ஐந்து இருபதுக்குச் சமையலறை ஜன்னலை மூடுவது நான் கண்டுபிடித்ததல்ல. என் மனைவியின் வழக்கம். மூடி, இடுக்கில் ஈரத்துணியைத் திணிப்பாள். "உங்க செவ்வாய்க்கிழமை வந்துடுச்சு" என்பாள். 'உங்க' என்று சொன்னதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். ஊரே கடைப்பிடிக்கும் ஒன்றை வீட்டுக்காரி நம் பேரில் சொல்கிறாளே என்று.

கடைசி நாலு வருடம் இருமினாள். மருத்துவர் கேட்டார்: "வீட்ல விறகடுப்பா?"

"இல்ல டாக்டர், கேஸ்" என்றேன். சட்டென்று, சரியான பதில்.

"வேற புகை ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். புகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு நாற்பத்திரண்டு வீட்டுப் பதிலை நான் அப்போதே சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

சுற்றறிக்கையைக் கொண்டுபோய் நெருப்புக்கு முன்னால் நின்று படித்தேன். பதினான்கு விதிகளையும். "இதை ஆரம்பிச்சது நான். தப்பாயிடுச்சு. நிறுத்திடுவோம்" என்றேன். முப்பத்தொரு வருடம் கழித்து அதே இடத்தில். ஒலிபெருக்கிதான் இல்லை.



பிறகு கண்டக்டர், "சார், தப்பா நினைக்காதீங்க. இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து நடக்கறது. நீங்க ஊருக்கு வந்ததே நேத்து" என்றார். அந்த வருடங்களில் அவர் தொலைதூரப் பேருந்தில் போவார், மூன்று நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வழக்கம் எப்போது தொடங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"உங்க தாத்தா காலத்துல பிளாஸ்டிக் ஏதுண்ணே?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

"நீ சும்மா இரு. சார், அதுல சீல் எங்க? சீல் இல்லாத பேப்பரை நான் டிக்கெட்டா எடுத்துக்கிட்டதே இல்ல."

கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு எண்பது வயது. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. "ஆமாமா, ஒரு ஆபீசரு வந்து மைக்குல படிச்சாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." எனக்கு உயிர் வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா அது வேற ஆளு. அவருக்குத் தலை நிறைய முடி."

தலையைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 27, வியாழன்

தெருவில் என்னைப் பற்றி இரண்டு கருத்து நிலவுகிறது. ஊர் வழக்கத்துக்குப் பேர் வாங்கப் பார்க்கிறேன் என்பது ஒன்று. தனியாக இருந்து இருந்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்பது இன்னொன்று. முதல் கட்சிக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. இரண்டாவது கட்சிக்காரர்கள் அவித்த முட்டை கொடுத்தனுப்புகிறார்கள்.

ஏப்ரல் 2, புதன்

முத்திரை போட்ட மூலப்பிரதியைத் தேடி நகரத்துக்குப் போனேன். என் பழைய அலுவலகம். என் மேசை இருந்த இடத்தில் தண்ணீர் இயந்திரம் நிற்கிறது. எழுத்தர் அலமாரியைத் திறந்து, மூடி, "பழைய ஃபைல் எல்லாம் கழிச்சுட்டோம் சார்" என்றார்.

"எங்க?"

"பின்னாடி போட்டு எரிச்சோம்."

என்ன கிழமை என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஊராட்சித் தலைவரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "சார் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட். ஆனா வழக்கத்துல கை வச்சா நாளைக்கு என் கையை வெட்டிடுவாங்க. ஒண்ணு பண்ணலாம், விழிப்புணர்வு!" வெள்ளிக்கிழமை ஊர்வலமாம். இருபதடி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பதாகை தயாராகிறது: 'குப்பையை எரிக்காதீர்.' எழுத்தைவிட அவர் படம் பெரிது.

குப்பை வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். வியாழன்தோறும் வருகிறது என்றார். எங்கே என்றேன். காகிதத்தில் என்று சொல்லாமல் சிரித்தார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பதாகை இன்று குவியலில் எரிந்தது. தலைவரின் முகம் கடைசியில் போனது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தையல்காரம்மாவிடம் தனியாகப் பேசினேன். ஏப்ரல், மே மாதங்கள் அவளுக்குப் பள்ளிச் சீருடைக் காலம். விடிவதற்கு முன்பே இயந்திரச் சத்தம் கேட்கத் தொடங்கும். இடுப்பளவு துணிவெட்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் துணி எரியும்போது சொட்டும், கறுப்பாய்ச் சுருளும். அவளுக்கும் தெரியும்.

"தெரியாமலா சார்? எனக்கும் ராத்திரி நெஞ்சு அடைக்கும்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, சிரிக்கக் கூடாது. ஆறு நாளும் இந்த மெஷினோடதான் பேசறேன். துணி கொடுக்க வர்றவங்க அளவு சொல்லிட்டுப் போயிடுவாங்க. செவ்வாய் அஞ்சரைக்கு அங்க வந்து நிக்கறேன் பாருங்க, அதுதான் எனக்கு ஊரு. வீட்ல துணியே இல்லன்னாலும் ஒரு பழைய பேப்பரைத் தூக்கிட்டு வருவேன்."

நான் சிரிக்கவில்லை. போன மாதம் நல்ல செருப்பை எடுத்துக்கொண்டு போனேனே, வார் அறுந்தது என்று எழுதினேனே. அறுத்தது நான்தான்.

இன்று கையில் எதுவும் இல்லாமல் போய் நின்றேன். யாரும் என்னோடு பேசவில்லை. அவள் மட்டும் கேட்டாள். "ஆச்சு" என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

விதி, விளக்கம், பத்திரம் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, இன்று உள்ளதைச் சொன்னேன். கண்டக்டருக்கு நேராக நின்று.

"மே பத்தாம் தேதி பேத்தி வரணும். புகை இருந்தா வரமாட்டா. அவளுக்கு மூச்சு இழுக்கும். கொஞ்ச நாளைக்கு மட்டும் விட்டுடுங்க. அவ போனதுக்கப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. படிக்கிறவன் நான் மட்டும் என்பதால் எழுதுகிறேன்.

கண்டக்டர் விசிலைச் சட்டைப் பையில் போட்டார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்? நீங்க பாட்டுக்கு விதி ஒண்ணு, விதி ரெண்டுன்னு படிச்சா யாருக்குப் புரியும்? குழந்தை வருதுன்னா நாங்க என்ன மரக்கட்டையா? ஆறாம் தேதி கிடையாது, பதிமூணு கிடையாது, இருபதும் கிடையாது. போதுமா?"

"போதும்."

"ஏம்மா தையலு, கேட்டுச்சா?"

"எனக்குக் காது இருக்குண்ணே."

நாற்பத்திரண்டு படிவமும் ஒரு சுற்றறிக்கையும் செய்யாததை ஆறு வயதுப் பெண் வராமலே செய்துவிட்டாள். இரவே மகளிடம் சொன்னேன். "நிஜமாவாப்பா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மே 6, செவ்வாய்

விசில் இல்லை. நெருப்பு இல்லை. ஐந்து இருபதுக்கு ஜன்னலை மூடினேன். பிறகு ஏன் மூடினோம் என்று யோசித்தேன். பேத்திக்குக் கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டி உள்ளே எடுத்து வைத்தேன். அலமாரியின் அடித்தட்டை அவள் உயரத்துக்குக் காலி செய்தேன்.

மே 9, வெள்ளி

நாளை பதினோரு மணிக்கு வந்துவிடுவார்கள். கண்டக்டர் வாசலில் நின்று, "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், குழந்தை வரும்போது தெரு கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். நன்றி சொன்னேன். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது மனசெல்லாம் கட்டில் விரிப்பில் இருந்தது.

மே 10, சனி

எழுத வரவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஆறு மணிக்கு இரண்டு விசில். கனவு என்று நினைத்தேன். நாற்றம் வந்தது. கனவில் நாற்றம் வருமா? ஓடினேன். செருப்பு போடவில்லை.

தெரு முழுக்க அங்கே நிற்கிறது. பதினோரு நாள் குப்பை, நாற்பத்திரண்டு வீட்டுக் குப்பை. யாரும் எரிக்காமல் வீட்டிலேயே கட்டிவைத்திருந்தது. மேலே தையல்காரம்மாவின் ஒன்பது சாக்குத் துணிவெட்டு. என் உயரத்துக்குக் குவியல். நன்றாகப் பிடித்துவிட்டது.

கண்டக்டர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "எப்படி சார்? எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சுட்டோம். வீட்டுக்கு வீடு நாறிக்கிட்டு இருந்துச்சு. குழந்தை வர்ற நேரத்துல அந்த நாத்தம் இருக்கலாமா? இனிமே இருபதாம் தேதி வரைக்கும் ஒரு பொட்டுப் புகை இருக்காது!"

அவர்கள் தெருவைக் கூட்டியும் இருந்தார்கள். தண்ணீரும் தெளித்திருந்தார்கள். பாவிங்களா. பாவிங்களான்னு எப்படிச் சொல்றது? யாரைச் சொல்றது? இடத்தைக் காட்டினவனே நான்தானே.

"அணைங்க, அணைங்க" என்று கத்தினேன். குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றப் புகை கறுத்து, தரையோடு படிந்து, தெருவை மூடிவிட்டது. காற்றே இல்லை. மகளுக்குப் போன் போட்டேன். கார் ஓட்டும்போது எடுக்க மாட்டாள், நான்தான் அவளுக்கு அப்படிச் சொல்லி வளர்த்தேன். பதினேழு தடவை போட்டேன்.

பத்து ஐம்பதுக்குக் கார் தெருமுனையில் நின்றது. நான் ஓடுவதற்குள் தையல்காரம்மா ஓடிவிட்டாள். கதவு திறந்தது. பேத்தி இறங்கி ரெண்டு அடி வந்தாள். "தாத்தா" என்று கூப்பிட்டாள், அது பாதியில் இருமலாகிவிட்டது. கழுத்துக்குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. தோள் ரெண்டும் ஏறி இறங்கின. தையல்காரம்மா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குழந்தையைத் தூக்கி உள்ளே போட்டு, கண்ணாடியை ஏற்றி, வண்டியைத் திருப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள்?

நாங்கள் நாற்பது ஐம்பது பேர், காலிக் குடங்களோடு, கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்லது செய்த கூட்டம்.

மே 11, ஞாயிறு

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பயமில்லை என்று மருமகன் சொன்னார். மகள் பேசவில்லை.

மே 13, செவ்வாய்

நேற்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம்.

ஐந்து இருபதுக்கு ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்குத் தெருவில் ஒரு விசில் கேட்டது.

அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை.

ஒன்றுதான்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். கண்டக்டர் காலி மனை ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக நின்றார். இரண்டு மூன்று வீட்டிலிருந்து கையில் பையோடு வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மே 27, செவ்வாய்

ஒரு விசில்.

ஜூன் 17, செவ்வாய்

தெரு சுத்தமாக இருக்கிறது. ஐந்தரைக்கு ஒரு விசில், அவ்வளவுதான். யாரும் வெளியே வருவதில்லை. வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். புகை போனது, கூடவே 'சாப்பாடு ஆச்சா'வும் போனது. மூச்சு நன்றாக வருகிறது. பேசத்தான் ஆள் இல்லை.

கூடத்தில் தொங்கிய பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றினேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. எரிக்க முடியாதே. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஐந்தரைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காலி மனைக்குப் போனேன். கறுத்துப்போன தரையில் அங்கங்கே புல் முளைத்திருக்கிறது. உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி ஊதினார், நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க கண்டக்டரே."

"நின்னே பழக்கம் சார்."

கொஞ்ச நேரம் கழித்து அவர், "உங்க அந்தப் பேப்பர்ல சீல் இல்லாட்டியும் பரவால்ல" என்றார். அதற்கு மேல் போகவில்லை.

தையல்காரம்மா வந்தாள். ஒரு சாக்கில் துணிவெட்டைத் திணித்து வாயைத் தைத்திருந்தாள். அதைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். "பத்து சாக்குல இது ஒண்ணு மிச்சம் சார். இனிமே இப்படித்தான், யாருக்கு வேணும்னாலும் தலகாணி தைச்சுக் கொடுக்கறேன்."

மூன்று பேர். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

குப்பை வண்டி நிஜமாகவே வருகிறது. தலைவரின் படம் ஒட்டிய வண்டி. எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "தூரமா சார்" என்றார். வெள்ளிக்கிழமைகளில் தெற்கே, வெகு தொலைவில், வானத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. அந்த ஊரிலும் எவனோ ஒரு ஆய்வாளன் இருப்பான்.

மகளிடம் பேசினேன். இப்போதெல்லாம் பேசுகிறாள். டிசம்பரில் வருவதாகச் சொன்னாள். எந்த டிசம்பர் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். கல்லூரிப் படிப்புக்காகக் கணக்கெடுக்கிறாளாம். கழுத்தில் அட்டை, கையில் படிவம். கிராமத்தில் குப்பை எரிக்கும் பழக்கம் பற்றி. கேள்விகளைப் பார்த்தேன், என்னுடையதைவிட மோசமில்லை.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்."

"நிரந்தரமாவா?"

"இப்போதைக்கு."

"குப்பை எரிப்பதுண்டா?" பதிலுக்குக் காத்திராமல் பேனா 'இல்லை'க்கு நேராகப் போய்விட்டது. தெரு முழுக்க அதே பதில் கேட்டுவந்த கை.

"ஆமாம்" என்றேன்.

நிமிர்ந்தாள். "சார், இந்தத் தெருவுல யாருமே ஆமான்னு சொல்லல."

"எழுதிக்கோம்மா."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தொரு வருஷமா."

"இப்பவும் எரிக்கறீங்களா?"

"இல்ல. ஆனா உன் கேள்வியில இப்பவான்னு போடலியே."

அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். முப்பத்தொன்றை எழுதக் கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினாள். வெளியே போனவளைக் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். அவர் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை அஞ்சரைக்கு எங்க தெருவுல யாரும் நெருப்பு வைக்கமாட்டாங்கம்மா. எல்லாரும் வெளிய வந்து உக்காருவோம். தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். முன்னோர்கள் என்ன முட்டாள்களா?"

சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபது. எழுந்து சமையலறைக்குப் போனேன். கை ஜன்னல் கொக்கி வரைக்கும் போய் நின்றது. இடுக்கில் என் மனைவி திணித்த துணி, காய்ந்து விறைத்து, இன்னும் இருந்தது. அதை உருவி எடுத்தேன்.

காலி மனை முழுக்கத் தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை நான் போய் நிற்கும் இடம், நேர் எதிரில். இங்கேயிருந்து அது இவ்வளவு பக்கத்தில் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் ஐந்தரைக்கு இந்தப் பக்கம் நின்றதே இல்லை. அவள் நின்றிருக்கிறாள்.

ஒரு விசில் கேட்டது. ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.